ஆள் இல்லாத வாக்கியம்

துவாஸ் கப்பல் பட்டறை, மூன்றாம் கொட்டகை.
டேங்க்குக்குள் இறங்குவோருக்கான ஒரு பக்க அறிவிப்பு.
பதினோரு நாள் எழுதினேன்.
உயர்நிலைப் பள்ளியில் தமிழுக்குப் பரிசு வாங்கியவள் நான்.
ஒற்று மிகும் இடம் தெரியும், மிகா இடமும் தெரியும்.

'காற்றின் தரம் பரிசோதிக்கப்பட்ட பின்னரே
வரையறுக்கப்பட்ட இடத்தினுள் நுழைதல் வேண்டும்.'

எப்படி இருக்கு என்று எல்லாரிடமும் கேட்டேன்.
தமிழ் தெரியாத ஹஸ்லிண்டா
கட்டைவிரல் உயர்த்தினாள்:
எழுத்தெல்லாம் வட்ட வட்டமாக அழகாம்.
பூன் கெங் சின்னம் இடப்பக்கம் இருக்கிறதா
என்று மட்டும் பார்த்து, கேன் லா, என்றார்.
கணக்குப் பிரிவு நீலமேகம் 'அருமை' என்று பதில் போட்டார்,
கோப்பு திறக்கும் நேரத்துக்கு முன்பே.
கோப்பிக் கடைப் பால் போல
பாராட்டெல்லாம் அடியில் தங்கியிருந்தது.
கலக்கிக் குடித்தேன். இனித்தது.

ஏணிப்படி ஓரம் ஒட்டி வைத்த மூன்றாம் நாள்
இரண்டாவது வரியின் முதல் சொல்லில்
கிரீஸ் பிடித்த ஒரு பெருவிரல் ரேகை.
யாரோ விரல் வைத்துப் படித்திருக்கிறார்,
அங்கே நின்றிருக்கிறார்,
பிறகு எங்கும் போகவில்லை.

விரலைத் தேடிப் போனேன்.
ஃபிட்டர் சூசைராஜ்.
"துடைச்சிடுறேன் மேடம்" என்று துணியை எடுத்தார்.
வேண்டாம், என்றேன்.
நல்லா இருக்கா என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது.
விழுங்கிவிட்டு வேறு கேட்டேன்:
ஏன் அங்கே நின்னீங்க?

தரையைப் பார்த்தார். பூன் கெங் இருக்கிறாரா என்று பார்த்தார்.

"வரையறுத்த இடம்னா
எனக்குன்னு ஒதுக்கின இடம்னு நெனச்சேன்.
அப்ப போகலாம்தானே?"

நான்காம் டேங்க்கின் வாய் கண்ணில் வந்தது,
ஓர் ஆள் நுழையும் வட்டம்,
உள்ளே இரும்பு குடித்து முடித்த காற்று.
காது மடல் சுட்டது எனக்கு.

"அப்புறம், பரிசோதிக்கப்பட்டன்னா
யாரு பரிசோதிக்கிறது?
நானா, நீங்களா?
வாக்கியத்துல ஆளே இல்லியே மேடம்."

அது செயப்பாட்டு, என்று தொடங்கி
வாயை மூடிக்கொண்டேன்.

பயம் விட்டதும் நிறுத்தவில்லை அவர்.
படத்தில் தலைக்கவசக்காரன் சிரிக்கிறான்,
உள்ள போறவன் சிரிக்க மாட்டான், என்றார்.
சரி.
ஜாக்கிரதைன்னு மூணு தரம் போடுங்க, என்றார்.
மூன்று தரம் போட்டால் கண் தாண்டிவிடும் என்றேன்.
அவர் ஒப்பவில்லை. இன்றும் ஒப்பவில்லை.

துவாஸ் லிங்க்கில் ரயில் ஏறி
கைப்பேசியில் எழுதி, அழித்து, எழுதி,
பூன் லேயில் கூட்டம் நெருக்கும்போது
மிஞ்சியது இவ்வளவு:

'ரஃபிகுல் மீட்டர் வைத்துப் பார்ப்பார்.
பார்த்துப் பச்சைச் சீட்டு மாட்டுவார்.
சீட்டு இல்லையா, உள்ளே போகாதே.
உள்ளே மூச்சு முட்டும், ஆள் செத்துப்போகும்.'

பரிசு வாங்கியவள் எழுதியது போலவே இல்லை.
மறுநாள் அவரிடம்தான் முதலில் நீட்டினேன்.
விரல் வைத்துக் கடைசிவரை போனார்.
நான் மூச்சு விட்டேன், கொஞ்சம் சீக்கிரமாக.

"ரஃபிகுல் லீவுன்னா?"

பெயர் இருந்த இடத்தை வெறுங்கோடாக்கினேன்,
தினமும் மார்க்கரில் நிரப்ப.
இன்று காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் பார்த்தேன்,
சூசைராஜின் கையெழுத்து, சாய்ந்து, பெரிதாக:
ரபிக்கல் மீட்டர் வைத்துப் பார்ப்பார்.

சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.
நாற்பது பேர் அந்த வரியைப் பார்த்துவிட்டு
ரஃபிகுலைத் திரும்பிப் பார்த்தார்கள்.
அவன் மீட்டரைத் தூக்கிக் காட்டினான்.

மூடிப் பைக்குள் போட்டேன்.