இரண்டாம் சீட்டு

நான் பொய் சொன்ன இடத்தின் அளவு
பதினைந்து மில்லிமீட்டர் நீளம், எட்டு அகலம்.
அதற்குமேல் போனால் சீட்டு
பூச்சியின் இறக்கையைத் தாண்டித் துருத்தும்.

சாரெமா தீவில் ஜூலை இரவு
இரண்டு மணி நேரத்துக்குமேல் கறுக்காது.
பகலில் பாலாலையில் கொழுப்புச் சதவீதம் பார்ப்பேன்.
இரவில் சைக்கிளில் வலை,
சட்டைப்பையில் குப்பி,
குப்பிக்குள் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் ஊறிய பஞ்சு.
சாதுவான பொழுதுபோக்கு என்று சொல்லமாட்டேன்:
கொன்ற பிறகுதான் பெயர் கேட்பேன்.

மேற்குக் கரை அப்போது எல்லைக் காவல் வளையம்.
மாலையில் மணலைச் சீப்பிட்டு வாரிவிடுவார்கள்,
பதிந்த காலடி காலையில் காட்டிக்கொடுக்கும்.
கடலைப் பார்த்துத் தீக்குச்சி கிழித்தால்
சுவீடனுக்குச் சமிக்ஞை.
விளக்கில்லாமல் விட்டில் பிடிப்பதெப்படி?
விளக்கு அவர்களிடம் இருந்தது.

கோபுரத்திலிருந்து ஒரு வெண்கோல்
தண்ணீரைத் தடவி, நாணலைத் தடவி,
மறுபடி தண்ணீருக்குப் போகும்.
போகும் வழியெல்லாம் பூச்சி கொதித்தது.
வாரிய மணலுக்கு இந்தப் பக்கம்
ஜூனிப்பர் புதரில் குந்தியிருந்து
ஒளி கடக்கும் ஒவ்வொரு தடவையும்
ஒரே ஒரு வீச்சு.

நான்காம் வீச்சில் ஒளி நின்றது.
என்மேல் அல்ல. வலைக்கு ஒரு முழம் அப்பால்.
மேலே ஒருவன் முகத்தில் மொய்த்ததைத் தட்டிவிடுவது
நிழலாய்த் தெரிந்தது. தும்மினான்.
என்னைப் பார்த்தானா, பூச்சியைப் பார்த்தானா,
விளக்கின் கைப்பிடி இறுகிக்கொண்டதா,
இன்றுவரை தெரியாது.
நின்ற அந்த ஒளிக்குள் வந்தது அது:
காய்ந்த கோரை நிறம், முன்னிறக்கையில் ஒரு கரும்புள்ளி.
பார்க்க ஒன்றுமில்லாத பூச்சி.
எனக்கு முழங்கால் நடுங்கியது.

இறக்கை விரித்து, காகிதப்பட்டை போட்டு
பதினான்கு நாள் உலர்த்தினேன்.
சீட்டெழுத உட்கார்ந்தபோது கை நின்றது.
கரையின் பெயரை எழுதினால்
கரையில் நான் இருந்ததும் எழுத்தாகிவிடும்.
“வால்யலா, தேவாலயப் பின்புறம்.
19 ஜூலை 1983. ஹில்யா பி.”
மெய் ஊசியில் மேலே.
பொய் அதே ஊசியில் கீழே.

பெட்டிகளை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது போன வருடம்.
கெர்த்து என்ற ஆய்வாளர் கூப்பிட்டாள்.
பழைய பதிவேட்டில் என் பூச்சியைப் படித்துவிட்டு
மூன்று கோடைகள் வால்யலாவில் முகாமிட்டார்களாம்.
வெள்ளைத் துணி, பாதரச விளக்கு,
மரத்துக்கு மரம் ஒயினில் நனைத்த கயிறு.
பாதிரியாரின் நாய் கயிற்றை நக்கித் தள்ளாடியதுதான் மிச்சம்.
அறிக்கையில் எழுதிவிட்டார்கள்:
“இங்கு அற்றுப்போனது. வயல் மருந்து காரணமாகலாம்.”
பக்கத்து விவசாயி ஒருவருக்குக் கடிதமே போயிருக்கிறது.

வாழாத ஊரில் ஒரு பூச்சியைக் கொன்றிருக்கிறேன்,
குப்பிகூட இல்லாமல்.

சொன்னேன். எல்லாவற்றையும், தும்மல் உட்பட.
மறுமுனையில் நெடுநேரம் மூச்சு மட்டும்.
திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
“அந்த விளக்கு எத்தனை வாட்?” என்றாள்.

பழைய சீட்டைக் கழற்றக்கூடாது என்பது விதி.
தவறென்றாலும் அது ஊசியிலேயே இருக்க வேண்டும்,
திருத்தம் அதற்கும் கீழே.
கண்ணாடி போட்டு, மூச்சடக்கி எழுதினேன்.
இடம், சரியாக. தேதி, பழையதே. முறை: விளக்கு.
பிடித்தவர் என்ற வரியில்
என் பெயர், அதன்பின் ஒரு காற்புள்ளி.
கெர்த்து அதை எழுத்துப்பிழை என்று நினைத்தாள்.
அவன் எந்த ஊர்ப் பையனோ.
அப்புறம் எத்தனை தடவை அந்தக் கோபுரத்தில்
காரணமில்லாமல் ஒளியை நிறுத்தினானோ.

வெள்ளிக்கிழமை அந்தக் கரைக்குப் போகிறோம்.
தென்மேற்குக் காற்று என்கிறது வானிலை,
பூச்சிக்கு ஆகாது.
போகிறோம்.