மைனஸ் முப்பதில் மூன்று நாள்

விழா தொடங்கிய இரண்டாம் நாளே
கம்பளியில் அந்து விழுந்துவிட்டது.
ஒன்றே ஒன்று.
உடைந்த அரிசி அளவு, சாம்பல் நிறம்.
இங்கெலெய்வ் அதைக் குப்பியில் பிடித்து
கொலைக்குச் சாட்சிபோல
எல்லோரிடமும் நீட்டிக்கொண்டிருந்தாள்.

பழைய வலைக் கிடங்கில்தான் கண்காட்சி.
கூரையிலிருந்து குடல்குடலாய்த் தொங்கும் நைலான்,
தலைமுடியில் பின்னிய நாற்காலி,
கிட்டே போனால் இருமும் ஒரு திரை,
உள்ளே ஏதோ மின்சாரம் வைத்துத் தைத்திருக்கிறார்கள்.
எனக்கு ஒன்றும் ஓடவில்லை.
எதிரே மீன் ஆலையில்
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் நான்.
நடுவில் ஒரே ஒரு சாலை,
பெட்டிகள் சிந்திய ஐஸ் அதில் எப்போதும் கிடக்கும்.

அந்துக்கு மருந்து குளிர்தானாம்.
மைனஸ் முப்பது, மூன்று நாள்.
லோஃபோட்டனின் இந்த மூலையில் அந்தக் குளிர்
எங்களிடம் மட்டும்தான் உண்டு.
பாலித்தீனில் சுருட்டி ஆறு பேர் தூக்கிவர
ஜெர்மன் பயணி ஒருவர்
தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

படகு நிறுவனத்தில்
தொலைந்த பொருள் அலமாரியில் கிடந்த
நாற்பத்தொரு ஸ்வெட்டர்களைப் பிரித்து
அந்த நூலை ஊடாக ஓட்டி
ஆறு மீட்டர் நெய்திருக்கிறாள்
குன்வோர் ஓஸ்யூர் என்பவள்.
பெயரட்டையும் கூடவே வந்தது:
‘யாரும் கேட்டு வரவில்லை.’

கிடங்கு விளக்கில், பாலித்தீன் வழியே,
இடது ஓரத்தில் ஒரு சாண் அகலம்
கடுகு மஞ்சள்.
கடைக் கடுகு இல்லை.
வெங்காயத் தோலைச் செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி
ரசிதா ஏற்றியது.
வெயிலில் மஞ்சள், நிழலில் லேசாய்ப் பாசி.
இன்னொருத்திக்கு அப்படித் தப்பாது.

கேட்டு வந்தேன்.
ஒன்பது குளிர்காலத்துக்கு முன், பூடோ துறைமுகத்தில்.
அன்று எனக்கு அவர்கள் மொழியில் பத்துச் சொல் தெரியும்:
மீன், பெட்டி, ஜாக்கிரதை, சம்பளம், இப்படி.
அதில் ஸ்வெட்டர் இல்லை.
நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.
ஜன்னல்காரி பதறிப்போய்
உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்,
இடது கையிலும் வலிக்கிறதா என்றாள்.
குடித்துவிட்டு வந்துவிட்டேன்.
கொஞ்ச நாளில்
குளிருக்கு அதைப் போட்டுக்கொள்கிறாயா என்று கேட்பதை
ரசிதாவும் விட்டுவிட்டாள்.

பதிவேட்டில் ஐந்து கட்டம்.
சரக்கு: கம்பளி.
எடை: முப்பத்தெட்டு கிலோ.
வந்த நேரம், போகும் நேரம்.
உரிமையாளர்:
அந்தக் குளிரில் பேனா எழுதாது,
பென்சிலால் எழுதினேன்,
வைதோதாஸ் கிர்னியுஸ்.

மூன்று நாள்.
அங்கே வெறும் சுவரில் நாலு ஆணி;
அதையும் படம் எடுக்கிறார்களாம்.
இங்கே சாப்பாட்டு இடைவேளையில்
போர்ச்சுகலுக்குப் போகும் காட் பெட்டிகளுக்கு நடுவே
இமை ஒட்டும்வரை நின்றேன்.
பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.
நாற்பது பேருடைய குளிரை
அவள் ஏன் ஒரே ஆளாய் நெய்தாள் என்று
ஒருமுறை நினைத்தேன். பிறகு சைரன்.

நாலாம் நாள் கையெழுத்துப் போட
குன்வோரே வந்தாள்.
விரல் கட்டம் கட்டமாய் நகர்ந்து
ஐந்தாவதில் நின்றது.
பெயரைப் பார்த்தாள், என் சட்டையில் குத்தியிருந்த பெயரையும்.
“எது?” என்றாள்.
இப்போது எனக்குச் சொல் தெரியும்.
“கடுகு,” என்றேன், அவள் மொழியில்.

மன்னிப்புக் கேட்கவில்லை, அது பிடித்திருந்தது.
“அப்போது என்ன சொன்னார்கள்?”
“தண்ணீர் கொடுத்தார்கள்.”
சிரித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.
என் பெயரை அழிக்காமல்
பக்கத்தில் அவள் பெயரை நெருக்கி எழுதினாள்,
கட்டம் போதவில்லை,
கடைசி எழுத்து கோட்டைத் தாண்டியது.

“உடனே பிரிக்காதீர்கள்,” என்றேன்.
“வியர்த்துவிடும். ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும்.”
மீனுக்குச் சொல்வதுதான்.
தலையாட்டினாள், கேட்டுக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு
அந்த இடத்தில் இறால் ஏற்றினேன்.