கரைப் பங்கு

ஐஸ் கம்பெனி ரசீதின் முதுகில்
கோடு போட்டு எழுதி வைத்திருந்தேன்.
ஞாயிறு இரவு, ஒன்பதரை.
பெர்க்மான்ஸ் குவைத்தில் அறைக்குத் திரும்பியிருப்பான்,
ஜஸ்டஸுக்குத் திருப்பூரில் வார லீவு.
போனைச் சீனி டப்பாவில் சாய்த்து நிறுத்தினேன்.
உள்ளறையில் அப்பா விழித்தேதான் கிடந்தார்.
தெற்குவாடியில் எந்த வீட்டுச் சுவருக்கும்
அவ்வளவு தடிமன் கிடையாது.

"வாசி" என்றான் பெரியவன்.

மதுரையில் ஒரு இல்லம்.
மாதம் இருபத்திரண்டாயிரம், முன்பணம் ஒரு லட்சம்.
நடக்கமாட்டாதவர் என்றால் மேலே ஆறு.
டயப்பர் நம் செலவு.
மீன், வெள்ளிக்கிழமை மட்டும்.
இந்த இடத்தில்
உள்ளறைக் கட்டில் கிறீச்சிட்டது.

ராமநாதபுரம் ஏஜென்சியில் வீட்டோடு தங்கும் ஆள்:
பதினெட்டாயிரம், மூன்று வேளைச் சாப்பாடு,
மாதம் நாலு நாள் லீவு.
அந்த நாலு நாள் யார் என்று
தம்பிகூடக் கேட்கவில்லை.

சிஸ்டர்கள் நடத்துகிற மடத்தில் காசே இல்லை,
ஆனால் பிள்ளையற்றவர்களுக்குத்தான்.
பாரத்தைப் பார்த்த மதர் என்னையும் பார்த்தார்:
"மூணு பேர் இருக்கீங்களேம்மா."
ஆமாம் மதர்,
மூணு பேர் இருக்கிறோம்.

வீட்டிலேயே என்றால்
கட்டில் வாடகை ஆயிரத்து ஐந்நூறு,
காற்று மெத்தை நாலாயிரம், ஒரு தரம்.
பாலம் தாண்டி வந்து கால் நீட்டி மடக்கிவிடும் பிசியோ தம்பிக்கு
நடைக்கு ஐந்நூறு.
மாத்திரை இரண்டாயிரத்து எழுநூறு.
வரவு: முதியோர் பணம் ஆயிரத்து இருநூறு.

"அப்ப வீடுதான் சல்லிசு" என்றான் பெர்க்மான்ஸ்.
கரை தெரிந்தவன் குரல்.

சல்லிசுதான்.
அந்தப் பத்தியில் இன்னும் என் பெயர் எழுதவில்லை.

மாதத்தில் பன்னிரண்டு நாள் பாசிக்குப் போவேன்,
கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி.
மரிக்கொழுந்துப் பாசி வாய்த்த நாளில் எண்ணூறு,
தண்ணீர் கலங்கினால் டீசலுக்கும் காணாது.
பங்குனியிலிருந்து இறங்கவில்லை.
இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர்,
இல்லாவிட்டால் முதுகு புண்ணாகுமாம்.
வெயிலில் பாசியைத் திருப்பிப் போட்ட கைதான் இது.
பாசி வலிக்கிறதென்று சொல்லாது.
அப்பாவும் சொல்வதில்லை,
அதுதான் கஷ்டம்.

கடைசி வரியை எழுதிவிட்டு வாசித்தேன்:
ரெஜினாள், மாதம் ஒன்பதாயிரம்.

சிக்னல் போய்விட்டதோ என்று போனைத் தட்டினேன்.
ஜஸ்டஸின் தலைக்கு மேல்
ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"பெத்த அப்பனுக்குக் கூலியாக்கா?"

கோபம் வருமென்று காத்திருந்தேன்.
பசிதான் வந்தது.
மத்தியானம் சாப்பிட மறந்திருக்கிறேன்.

"கரைவலை இழுத்த காலத்தில
அப்பா எப்படிப் பங்கு வச்சாருன்னு ஞாபகம் இருக்காடா?
வலைக்கு, வள்ளத்துக்கு, ஆளுக்கு.
கடல்ல காலே வைக்காம
கயித்தப் பிடிச்சுக் கரையில நின்ன சித்தப்பாவுக்கும்
எண்ணித்தான் வைப்பாரு.
சொந்தத் தம்பின்னு கூட்டல,
சொந்தத் தம்பின்னு குறைக்கவும் இல்ல."

பெரியவன் தொண்டையைச் செருமினான்.
விசா புதுப்பிக்கணும், சின்னவளுக்கு ஸ்கூல் பீஸ்,
அடுத்த மாதம் பார்ப்போம்.
பொய்யில்லை, எனக்குத் தெரியும்.
தம்பி ஒன்றும் சொல்லாமல் வைத்தான்.
இரண்டு நிமிஷத்தில் போன் டிங் என்றது:
மூவாயிரம். செய்தி எதுவும் இல்லை.

உள்ளே போனேன்.
அப்பாவுக்கு இடக் கை ஒன்றுதான் இப்போது பேசும்.
அது தலையணைக்கடியில் துழாவி
இரண்டு ஐந்நூறும் ஒரு இருநூறும்
என் பக்கம் தள்ளியது.
கணக்கில் ஏற்கெனவே எழுதிவிட்ட பணம்.
என்னவோ சொன்னார், வாய் ஒரு பக்கம் இழுக்க.
பங்கு என்று எனக்குக் கேட்டது.
பால் என்றும் இருந்திருக்கலாம்.

நோட்டுகளை ரசீதுக்குள் மடித்தேன்.
பாலைச் சுடவைத்துக் கொடுத்தேன்.
மணி பத்து.
"எந்தப் பக்கம்ப்பா?"
கை சன்னலைக் காட்டியது.
அது போன தரம்.
இப்போது சுவரின் முறை,
பன்னிரண்டுக்குக் கடல்.