துவாய்க் கணக்கு

கப்பல் நின்றது திருகோணமலையில்.
காயாங்கேணிக்கு வந்தது ஒரு குரல் மட்டும்:
"அக்கா, மூணு பேரு. பவளப்பாறை பாக்கணும்.
ரெண்டு மணிக்கு வேலையில நிக்கணும்.
காசு கம்மி."
தூத்துக்குடித் தமிழ். பெயர் இன்பராஜ்.

எங்கள் கரையில் விலைக்கு இரண்டு நாக்கு.
மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு ஒன்று,
ஏசி வானில் வருபவருக்கு ஒன்று.
கப்பல் என்றதும் எனக்கு மூன்றாவது முளைத்தது.
"ஆளுக்கு ஒன்பதாயிரம்."
அந்தப் பக்கம் யாரோ கூட்டிப் பார்த்தார்கள்,
யாரோ பெருமூச்சு விட்டார்கள்.
"நாங்க பயணிங்க இல்லக்கா.
பயணிங்க துண்டத் துவைக்கிறவங்க."

மறுகா என்ன செய்ய?
கொப்பியைத் திறந்து திரும்பவும் கூட்டினேன்.
பெற்றோல் ஆறு லீற்றர்.
கண்ணாடியும் குழாயும் மூன்று சோடி.
காலுக்குத் துடுப்பு வேண்டாம்,
பழகாத கால் பாறையை முறிக்கும்.
மிதக்கும் அங்கிக்கு நான் என்றைக்கும் காசு எடுப்பதில்லை.
அண்ணன் தவேந்தியின் கூலி:
அவன் மனம் வைத்தால் குறையும்,
வைக்கவில்லை.
லாபம் என்ற இடத்தில் பேனையை ஊன்றி, எடுத்தேன்.
மூன்று பேருக்கும் சேர்த்துப் பதினோராயிரம்.

ஒன்பதே காலுக்கு இறங்கினார்கள்.
இன்பராஜ், அடர்ந்த மீசை.
ரொடெல், பிலிப்பைன்காரன், வரும்போதே சிரிப்பு.
டெல்றோய், ஜமேக்கா,
வான் கதவுக்குக் குனிகிற உயரம்.

மீசைக்குக் கண்ணாடி ஒழுகும். வசலீன் கொடுத்தேன்.
உள்ளே துப்பித் தேயுங்கள், புகார் பிடிக்காது என்றேன்.
"இதுக்குக் கப்பல்ல ஒரு மருந்து விக்கிறாங்க,
பன்னெண்டு டாலர்."
"இஞ்ச வாயிலயே ஊறுது" என்றான் தவேந்தி.

நானும் வள்ளத்தில் ஏறினேன்,
மணிக்கூடு பார்க்க ஓர் ஆள் வேண்டுமே.
பதினொன்றுக்குள் கச்சான் எழும்பும்,
வள்ளத்தை வெளிக்கடலுக்குத் தள்ளும்.

இரண்டு பேர் குதித்தார்கள்.
டெல்றோய் விளிம்பைப் பிடித்தபடி இருந்தான்.
மூன்று வருஷம் கடலில்,
மூன்று வருஷமும் நீர்மட்டத்துக்குக் கீழே
ஜன்னலில்லாத சலவை அறையில்.
மற்றவர்கள் கடலில் குளித்த உப்பை
ராத்திரி ராத்திரியாக அலசியிருக்கிறான்.
தண்ணீருக்குள் இருந்தே இன்பராஜ் சொன்னான்:
அவன் ஊரிலும் இதே நீலம்தானாம்.
வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ஹோட்டல்,
ஹோட்டலுக்கு ஒரு மதில்,
மதிலுக்கு ஒரு காவல்காரன்,
அவனுடைய சொந்தத் தாய்மாமன்.

நான் பாசிக்குடாப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு இறங்கினான்.
கயிற்றை இரண்டு சுற்று கையில் சுற்றிக்கொண்டு,
முகத்தை மட்டும் தண்ணீருக்குக் கொடுத்தான்.
முதுகு அசையவே இல்லை.
தவேந்தி ஒருதரம் கயிற்றை இழுத்துப் பார்த்தான்.
அங்கேயிருந்து ஒரு பெருவிரல் எழும்பிற்று.

ரொடெல் குழாயைத் தொலைத்தான்.
தவேந்தி மூன்றாம் மூழ்கலில் எடுத்தான்,
ஏச்சையும் சேர்த்து.
பத்தே முக்காலுக்கு நான் கைதட்டினேன்.
டெல்றோய் ஏறினான், நெற்றியில் கண்ணாடித் தடம்.
"முப்பத்தொன்று" என்றான்.
கிளிமீனை எண்ணியிருக்கிறான்.

காசையும் அவன்தான் எண்ணித் தந்தான், இரண்டு தரம்.
பையிலிருந்து காய்ந்த வெள்ளைத் துவாய் ஒன்றை எடுத்து
வள்ளத்துப் பலகையில் வைத்து
உருட்டி, மடித்து, ஒரு சுண்டு சுண்டினான்.
யானை.
காதோரம் நீல நூலில் கப்பலின் பெயர்.
"கணக்கில குறையாதா?" என்று கேட்கச் சொன்னேன்.
இன்பராஜ் சிரித்தான்:
"துண்டுக் கணக்கு எழுதுறதே இவன்தான்க்கா."

பதினொன்றரைக்கு வான் புறப்பட்டது.
கப்பலைப் பிடித்தார்களா தெரியாது.
அந்த நம்பர் அப்புறம் எடுபடவில்லை.

நாலு நாள் யானை அலுமாரிக்கு மேலே நின்றது.
ஐந்தாம் நாள் ஜேர்மன்காரர் எட்டுப் பேர்,
துவாய் ஏழுதான்.
தும்பிக்கையைப் பிடித்து உதறினேன்.
கொப்பியில் எழுதினேன்: துவாய் வாடகை, இருநூறு.

ஒவ்வொரு தரமும் தோய்த்துக் காய்ந்த பிறகு
மடித்துப் பார்க்கிறேன்.
காது வருகிறது.
தும்பிக்கை இன்னும் வரவில்லை.