முழு டிக்கெட்

வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால்
அவர் ஏறவில்லை முதலில்.
ஒரு ஸ்டாண்ட் ஃபேனை ஏற்றினார்.
"பாத்து, படி இருக்கு" என்றது
அதற்குத்தான்.
என்னை எழுப்பி, யன்னல் கரையில் அதை இருத்தி,
கழுத்தில் சுற்றிய வயரை
மப்ளர்போலச் சரிசெய்துவிட்டு
தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நூற்றைம்பத்தைந்தாம் இலக்கம். பகல் ஒன்றரை.
கூரைத் தகரத்தில்
அப்பளம் பொரிக்கலாம்.

கொண்டக்டர் வந்தான்,
விரலிடுக்கெல்லாம் தாள்காசு.
"ஆமர் வீதி. ரெண்டு."
"மத்தது யாரு?"
காட்டினார்.
கொண்டக்டர் ஃபேனைப் பார்த்தான்.
பஸ் வளைந்தது. ஃபேன் மெல்லத் தலைதிருப்பிக்
கொண்டக்டரைப் பார்த்தது.

"மாத்தயா, அது சாமான்."
"சாமானெண்டா மடியில இருக்கும். இவர் சீற்றில இருக்கிறார்."
"அப்ப அரை டிக்கெட்."
"வயசு பதினேழு, தம்பி. முழுசு."

வழக்கு இரண்டு மொழியில் நடந்தது.
கேக் பெட்டியோடு வந்த பெண்
நிற்பவர்களுக்கு இடம் கொடு என்றாள்.
கோட்டுப் போட்ட ஒருவர்
(சட்டத்தரணியாக இருக்கலாம், இல்லாவிட்டால் கல்யாணத்துக்குப் போகிறவர்)
அது குருமாரின் ஆசனம் அல்ல,
எனவே ஆட்சேபம் நிற்காது என்றார்.
கடைசியில் கொண்டக்டர்
இரண்டைக் கிழித்துக் கொடுத்தான்.
ஒன்றை வாங்கி
ஃபேனின் கம்பிவலையில் செருகினார் அவர்.

"மோட்டர் எரிஞ்சு பதினொரு நாள்" என்றார் என்னிடம்,
குரலைத் தாழ்த்தி, அது கேட்டுவிடுமென்பதுபோல.
"இண்டைக்குத்தான் துண்டு வெட்டினவங்கள்.
ஒரு கிழமைக்கு மூண்டாம் நம்பரில போடவேண்டாமாம்."
பிறகு, கேட்காமலே:
"என்ர பேர் சவரிராசா.
இவருக்குப் பேர் வைக்கேல்லை.
வைச்சா விக்கேலாது."

பம்பலப்பிட்டிச் சந்தியில் பஸ் நின்றது.
நின்றது என்றால் நின்றது.
சாரதி எஞ்சினையும் நிறுத்திவிட்டு
மாங்காய் வாங்கி உப்புத்தூள் தொட்டான்.
அறுபது பேர் நனைந்துகொண்டிருந்தோம்,
நடுவில் ஒரு ஃபேன்
சும்மா இருந்தது.
அதன்மேல் எங்களுக்கு வந்த கோபத்தை
எந்த அரசாங்கத்தின்மேலும் நான் கண்டதில்லை.
"போடுங்கோவன்" என்று யாரோ சொன்னார்கள்.
"எதில செருகிறது?" என்றார் சவரிராசா, மிகக் கவலையோடு.

பச்சை விழுந்தது.
பஸ் சீறித் திரும்பி மர நிழல் வீதியில் ஓட,
யன்னலால் புகுந்த காற்று
முதுகில் அடித்ததும்
இறக்கைகள் அசைந்தன.
ஒன்று. மூன்று. பிறகு எண்ண முடியவில்லை.
செருகிய டிக்கெட் படபடத்தது.
வெளியில் இருந்த காற்றேதான், ஆனாலும்
எல்லாரும் முகத்தை அதற்கு நீட்டினோம்.
கேக் பெட்டிப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.
கோட்டுக்காரர் முதல் பொத்தானைக் கழற்றினார்.
"மெதுவா, மெதுவா" என்றார் சவரிராசா.
"மூண்டில போகாதை."

நான் இறங்கவேண்டிய மருதானை
எப்போதோ போயிருந்தது.

ஆமர் வீதியில் அவர் முதலில் இறங்கினார்.
நான் மிதிபலகையில் நின்று ஃபேனை நீட்டினேன்.
அவர் இரு கையையும் விரித்தார்,
பிள்ளையை வாங்குகிறவர்போல.
"ஹரி, யன்ன!" என்று கொண்டக்டர் தகரத்தில் தட்டினான்.
விரித்த கைகள்
சிறிதாகிச் சிறிதாகி
ஒரு லொறிக்குப் பின்னால் மறைந்தன.

அடுத்த தரிப்பில் குதித்தேன்,
அதை அணைத்தபடி தெருவைக் கடந்தேன்.
எதிர்ப்பக்க பஸ், வேறு கொண்டக்டர்.
"எங்க?"
"ஆமர் வீதி" என்றேன்.
என் வாய்க்கு என்ன வந்ததோ:
"ரெண்டு."

பின்சீற்றில் ஒரு பள்ளிக்கூடப் பெட்டை
தோழியின் விலாவில் இடித்து
என்னைக் காட்டினாள்.
நான் வயரைச் சரிசெய்தேன்.
"அடுத்ததில இறங்கவேணும்" என்றேன், குனிந்து.

பஸ் வளைந்தது.
இடம், வலம், இடம்:
மாட்டேன் என்று
தலையாட்டினார் அவர்.