காயாத வடாம்

ஈப்போவில் பதினோரு வருடம் சட்டி பிடித்தவர் ஜெய்லானி.
லெட்சுமாங்குடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
தள்ளுவண்டி போட்டு நாலு மாதம்.
பாக்கெட் நூடுல்ஸ்தான் கொட்டுகிறார்.
கொட்டும்போதெல்லாம்
யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற முகம்.

ஊறவைத்த அரிசியோடு என் மில்லுக்கு வருவார்.
தையில் அறுத்த புது அரிசி.
ஆவித் தட்டிலிருந்து கரண்டியோடு வந்தது களி.
அடுத்த வாரம் மைதா கலந்தார்.
அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

"கொய்த்தியாவ்னா வழுக்கணும்மா,
ஆனா வாயை விட்டு ஓடிடக் கூடாது.
பல்லை ஒரு நொடி எதிர்த்து நின்னுட்டு
அப்புறம் விட்டுக்கொடுக்கணும்."
சொல்லும்போது விரலால் காற்றைக் கிள்ளிப் பார்ப்பார்.

மஞ்சள் மீ வேறு சாதியாம்.
காரத் தண்ணீர் விட்டுப் பிசைந்த கோதுமை, திமிரும்.
அப்பளக்காரம்தானே என்றேன்.
இருக்கும் என்றார்.
கண்ணாடி போல இன்னொன்று,
பயற்றை அரைத்துத் தெளியவைத்த மாவில்.
ருசியே கிடையாது, உறிஞ்சுகிற சத்தம்தான் ருசி.
எங்கள் வயலில் சம்பாத் தாளுக்கு நடுவே
முளைத்துக் கிடக்கிற அதே பயறு.

"ஏன், இடியாப்பம் இல்லையா?"
கொஞ்சம் வீம்பாகத்தான் கேட்டேன்.
"அது பிழிஞ்ச பிறகு வேகுது, உதிரும்.
சேவை வெந்த பிறகு பிழியறது, இழுபடும்.
ரெண்டும் நூல்.
நான் கேக்கிறது துணி."

துணி.

பங்குனி வெயிலில் மில் மாடியில்
இலை வடாம் போட்டுக்கொண்டிருந்தேன்.
மூட்டையில் இரண்டு வருடம் கிடந்த பச்சரிசி.
வெந்த வாழை இலையின் ஓரத்தை நகத்தால் நெம்பினால்
முழுசாக உரிந்து வந்தது,
மறுபக்கத்துக் கைரேகை தெரிய.
காய்வதற்கு முன் தின்பது எங்கள் வீட்டில் குற்றம்.
சாக்கு நூல் வெட்டுகிற கத்தரியைக் கழுவினேன்.
பத்து வடாமைச் சுருட்டி
விரல் அகலத்துக்கு வெட்டி
தூக்குச் சட்டியில் போட்டுக்கொண்டு போனேன்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை.
அடுப்பை முழுசாகத் திறந்தார்.
முட்டை, முளைப்பயறு, கருப்பு சாஸ்.
சட்டி ஓரத்தில் தீ ஏறி இறங்கியது.
பஸ்ஸுக்கு நின்ற ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.
நின்றுகொண்டே தின்றார். முதல் வாய்க்குக் கண்ணை மூடினார்.
இரண்டாவதில் திறந்தார்.

"சீரகம் போட்டியா?"

"பெருங்காயமும்."

அடுத்த தடவை போடாதே என்றார்.
மறுநாள் மில் திறக்குமுன் வந்து நின்று
சீரகம் மட்டும் போடு என்றார்.