தண்ணி திருப்பியாச்சு

சேரன்மகாதேவி தாலுகா ஆபீசில்
எங்களுக்குத் தரப்பு என்று பெயர்.
நாங்கள் இரண்டாம் தரப்பு.
டீயும் காராச்சேவும் ஒரே தட்டில்தான் வந்தன.
சமரசத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.
சொரிமுத்துவுக்கு வலது கையில்
பெருவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம்.
'பெருவிரல் இருக்குல்லா, ரேகை வச்சிரலாம்' என்றார் கிளார்க்,
நல்ல மனசோடுதான்.

டீக்கடையில் ஒரு 'ஏல'.
அதற்கு இவர் திருப்பிச் சொன்ன ஒரு 'என்னல'.
இவ்வளவுதான் வழக்கின் முதல் பக்கம்.
அடுத்த பக்கங்களில்
நானூற்றுப் பன்னிரண்டு வாழை, குலை தள்ளின பருவம்,
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பதினேழு நாள்,
அவர்கள் பக்கம் எரிந்த ஒரு வைக்கோல் படப்பு.
அரிவாளைப் பிடித்த பலவேசம்
கடைசிப் பக்கத்தில் அடையாளம் தெரியாத நபர் ஆனான்.
படப்புக்குத் தீ வைத்தது யாரென்று எனக்குத் தெரியும்.
நானும் சொல்லவில்லை.

வெட்டின வாழை மறுபடி துளிர்த்தது.
பார்த்தியா என்றார்கள் ஊரில்.
அது வாழையின் குணம்.
எனக்கு அந்தக் குணம் இல்லை.

கன்னடியன் காலில் மேல்மடை பலவேசத்துக்கு,
கீழ்மடை எங்களுக்கு.
முன்பெல்லாம் அவன் முறை முடிந்ததும்
வரப்பில் நின்று கூப்பிடுவான்.
அதற்குப் பிறகு ஆறு வருசம்
முறைக்கு முந்தின ராத்திரியெல்லாம்
வாய்க்கால் கரையில் குத்தவைத்து
தண்ணீரின் சத்தம் மாறுகிறதா என்று
காது கொடுத்துக் கிடந்தேன்.

வாழையை விட்டு நெல்லுக்கு மாறின வருசம்,
பிசானத்தில்,
ஒரு ராத்திரி ஒன்றே காலுக்குப் போன் அடித்தது.
பேர் இல்லாத நம்பர். குரல் தெரிந்தது.
'தண்ணி திருப்பியாச்சு.'
வைத்துவிட்டான்.

கட்டிலில் உட்கார்ந்து அந்த ரெண்டு வார்த்தையைத்
தலைகீழாகக் கொட்டிப் பார்த்தேன்.
அதில் நான் இல்லை. நீ இல்லை.
ஏல இல்லை. அக்கா இல்லை.
திருப்பினது யார் என்றுகூட இல்லை.
தமிழில் இப்படி ஒரு இடம் இருக்கிறது,
ஆளே இல்லாமல் வேலை முடிந்துபோகிற இடம்.
கொஞ்ச நாள் அங்கே இருந்துகொள்ளலாம் போலிருந்தது.

நம்பரை 'மடை' என்று பதிந்துகொண்டேன்.

எட்டு முறை, எட்டுப் போன்.
ஒன்பதாவதுக்கு மழை. கரையில் உடைப்பு.
அவன் நாற்று என் கண் முன்னால் மூழ்குகிறது.
டார்ச்சை அணைத்துவிட்டு நின்றேன்.
எவ்வளவு நேரம் என்று சொல்லமாட்டேன்.
பிறகு அடித்தேன்.
'உடைப்பு எடுத்திருக்கு.'
நானும் ஆளில்லாமல்தான் சொன்னேன்.

இடுப்பளவு தண்ணீரில்
மண்மூட்டையின் மறுமுனையைக் காட்டி
'பிடிங்க' என்றான்.
'ங்க'வை விட்டுவிட்டு
முனையை மட்டும் பிடித்தேன்.
மூட்டைக்கு அந்தப் பக்கம் அதே கை.
விரல் ஐந்தும் இருந்தன.
எண்ணாமல் இருக்க முடியவில்லை.
விடியும் மட்டும் முப்பது மூட்டைக்கு மேல் அடுக்கினோம்,
வேறு பேச்சில்லை.

ஈரச்சேலையோடு வீடு வந்தால்
சொரிமுத்து விழித்திருந்தார்.
'யாருக்குப் போன் போட்ட?'
'மடைக்கு.'
ரெண்டு விரலுக்கு நடுவில் பீடியை
உருட்டிக்கொண்டே இருந்தார், பற்றவைக்கவில்லை.
நான் சேலை மாற்றி, அடுப்பு மூட்டி,
உலை கொதித்த பிறகு
'மடையோட நாத்து
தப்பிக்குமா?' என்றார்.